அணையாத திரையும் பத்து நிமிடமும்

பிரசவ அறையில் நிற்கும் தாதி கையில் மணிக்கூடு கட்டக்கூடாது. மோதிரமும் கூடாது, காப்பும் கூடாது, கோயில் நூலும் கூடாது. ஆகவே இருபத்தேழு வருடமாக நான் நேரத்தை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறேன். சட்டைப் பையின் மேல் ஊசியால் குத்துகிற சின்ன மணிக்கூடு அது. மற்றவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும், குனிந்து பார்க்கும் எனக்கு நேராகத் தெரியும். போன மாரியில் அது நின்றுவிட்டது. திருத்துகிறவர் திறந்து பார்த்து, இதற்கு இனிச் சாமான் வராது என்று கையை விரித்தார்.

கனடாவில் இருக்கும் தங்கையிடம் இதைச் சொன்னதுதான் பிழை. ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ஸ்மார்ட் வோட்ச் கொடுத்தனுப்பிவிட்டாள். அது என் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுமாம், நடக்கிற அடிகளை எண்ணுமாம், நான் விழுந்தால் ஆளைக் கூப்பிடுமாம். எனக்கு வேண்டியது நேரம் மட்டும். அதை மட்டும் அது காட்ட மறுத்தது. கறுப்புக் கண்ணாடியாகவே இருக்கும். கையைத் தூக்கினால் விழிக்கும், இரண்டு எண்ணுவதற்குள் மறுபடி தூங்கிவிடும். நெஞ்சில் குத்தினால் கையைத் தூக்குவது எப்படி? தட்டினாலும் விழிக்கும்தான். ஆனால் பிள்ளையின் தலை வெளியே வருகிற நேரம், இரத்தம் பட்ட கையுறையோடு நான் என் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்க முடியாது.

"நீர் உதைப் பெடியள் ஆரிட்டையும் குடும். ரெண்டு நிமிஷத்திலை செய்து தருவாங்கள்" என்றார் என் கணவர்.

என்னிடம் அப்படிச் சொல்லக்கூடாது. அன்றைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சாமானுக்குள் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் திறந்தேன். பள்ளிக்கூட ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. திரையை எப்போதும் எரியவிடுகிற இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தினேன். கையில் கட்டியிருந்தபோது எரிந்தது, கழற்றி மேசையில் வைத்ததும் அணைந்தது. அது தோலைத் தேடுகிறது என்று விளங்க ஒரு மணித்தியாலம் போனது. தோல் படாவிட்டால் தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பூட்டிக்கொள்கிறது. அந்தக் கவனிப்பை நிறுத்தினேன். நிறுத்தினால் இதயத்தைப் பார்க்க முடியாது என்று எச்சரித்தது. என் இதயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சம்மதம் கொடுத்தேன்.

பிறகு வெளிச்சத்தைக் கூட்டினேன். பூப்போட்ட முகப்பை எடுத்துவிட்டுக் கறுப்பில் வெள்ளை இலக்கமும் விநாடியும் மட்டும் வைத்தேன். செய்திகள் திரையில் வராமல் தடுத்தேன். அது கட்டாயம் செய்யவேண்டியிருந்தது. முதல்நாள் ஒரு தாயின் வயிற்றில் கைவைத்து நோவை எண்ணிக்கொண்டிருந்தபோது, தங்கை அனுப்பிய ரொறன்ரோப் பனியின் படம் என் நெஞ்சில் எரிந்தது. அந்தத் தாய் நோவுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். கடைசியாக மேல்பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கீழ்ப்பட்டியில் ஊசி குத்தித் தொங்கவிட்டேன். பழைய மணிக்கூட்டைப் போலவே ஊருக்குத் தலைகீழ், எனக்கு நேர். பகல் தேநீர் நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றினால் வேலை முடியும்வரை அணையாது. கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. என் வீட்டுப் பழக்கம் ஒன்று நடுவில் புகுந்தது.

மானிப்பாயில் எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடும். நான் கல்யாணம் செய்து வந்த நாளில் இருந்து அப்படித்தான், பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படி ஓடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் அது பத்து நிமிடம் பொய் என்று தெரியும், இருந்தும் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஓடுவோம். வெளியாட்கள் யாராவது வந்தால் திடுக்கிட்டு எழுந்து செருப்பைத் தேடுவார்கள். ஆனால் புது மணிக்கூடு உண்மை பேசியது. அதன் உண்மையை நம்பி இன்னொரு வாய் தேநீர் குடித்த காலையில் என் பஸ் எனக்கு முன்னால் போய்விட்டது.

அன்றிரவு நான் மறுபடி அந்தப் பக்கங்களைத் திறந்தேன். திரையில் காட்டுகிற நேரத்தை மட்டும் விரும்பிய அளவு முன்னுக்குத் தள்ளலாம் என்று ஓரிடத்தில் இருந்தது! யாரோ எங்கள் ஊர் ஆள்தான் இதைச் செய்திருக்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பத்து நிமிடம் தள்ளிவிட்டுத் தூங்கினேன். அதற்குப் பிறகு பஸ் தவறவில்லை.

வேலையில் அதனால் ஒரு இடைஞ்சலும் வரவில்லை. பிறந்த நேரத்தை எழுதுவது பிரசவ அறைச் சுவரில் உள்ள பெரிய மணிக்கூட்டைப் பார்த்து. நெஞ்சில் தொங்குவது நாடி எண்ணவும் நோவு எத்தனை விநாடி நிற்கிறது என்று பார்க்கவும்தான். விநாடி எண்ணுவதற்குப் பத்து நிமிடம் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன. ஒரு மாதத்தில் அந்தப் பத்து நிமிடத்தை நான் மறந்தே போனேன்.

அந்தத் திங்கட்கிழமை பெயின்ற் அடிப்பதற்காகச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். நேரத்துக்கு என்ன செய்வது என்று கூட நின்ற இளம் தாதி கேட்டாள்.

"என்ரை நெஞ்சிலை எரிஞ்சுகொண்டு இருக்கிறது என்ன, குப்பி விளக்கோ?" என்றேன்.

அன்று காலை என் கையில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது குருநகர்த் தாய் ஒருத்திக்கு ஆண் குழந்தை. வெளியே நின்ற தகப்பன் நிறை எவ்வளவு என்று கேட்டார், எப்போது ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கேட்டார், போய்விட்டார். அடுத்தது நீர்வேலியில் இருந்து வந்த பெண். வாழைத் தோட்டக்காரரின் மனைவி, முதல் பிள்ளை. மூன்று மணித்தியாலம் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டு, ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை அழுத உடனேயே பணிப்பெண் கதவைத் திறந்து வெளியே நின்றவர்களுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள். நான் குனிந்து பார்த்துப் பதினொன்று ஒன்று என்று பிரசவப் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்.

எல்லாம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து நான் வெளியே வந்தபோது, பெண்ணின் தாய் கையில் துண்டுக் கடுதாசியோடு காத்து நின்றார்.

"நேரம் சொல்லுங்கோ மிஸி. சாத்திரியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"பதினொண்டு ஒண்டு. செக்கன் வேணுமெண்டாலும் சொல்லுவன்" என்றேன். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களுக்குப் பிள்ளையின் நிறத்தை விட, நிறையை விட, நேரம் முக்கியம். சாத்திரியார் சாதகம் எழுத வேண்டும், அதில் இருந்து பெயருக்கு எழுத்து எடுக்க வேண்டும். எத்தனையோ வீட்டுச் சாதகங்கள் நான் சொன்ன நேரத்தில்தான் நிற்கின்றன. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்கிறதும் இல்லை.

மறுநாளே பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண்ணைத் துணியால் மூடி நீல வெளிச்சத்தின் கீழ் படுக்கவைத்தார்கள். பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு விடவில்லை. என் கையில் பிறந்த பிள்ளைகளை மதிய வேளையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். போகிற நேரமெல்லாம் அந்தத் தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பார்க்க வருகிற நேரத்தில் மற்றக் கட்டில்களில் தகப்பன்மார் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவளுடைய கட்டிலுக்குச் சாப்பாட்டோடு வருவது தாய் மட்டும்தான்.

தகப்பனை நான் கீழே கண்டேன். செவ்வாயும் கண்டேன், புதனும் கண்டேன். படிக்கட்டின் அடியில் நிற்பார். சாப்பாட்டுப் பெட்டியை மாமியாரிடம் கொடுத்துவிடுவார், மேலே ஏறமாட்டார். வெறும் பெட்டி திரும்பி வரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெண் பிள்ளை என்று முகத்தைத் திருப்புகிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். வியாழக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை, நேரே போய்ப் பிடித்தேன்.

"ஏன் உதிலை நிக்கிறியள்? பொம்பிளைப் பிள்ளை எண்டோ? அவள் மேலை அழுதுகொண்டு கிடக்கிறாள். வெக்கமாயில்லையோ உங்களுக்கு?"

அவர் தலையை நிமிர்த்தினார். முப்பது வயது இருக்கும். நகத்தில் வாழைக் கயர்க் கறை கறுப்பாக ஏறியிருந்தது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ மிஸி. நான் பொம்பிளைப் பிள்ளைதான் கேட்டனான்" என்றார். "நான் பாக்கக்கூடாதாம். பிள்ளையின்ரை நட்சத்திரம் தகப்பனுக்கு ஆகாதாம். முப்பத்தொண்டு நாள் முடிஞ்சு, சாந்தி செய்து, முதலிலை எண்ணெய்க்குள்ளை தெரியிற முகத்தைத்தான் பாக்கவேணும் எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார்."

"உதை நம்பிக்கொண்டு..."

"எனக்கு என்னவெண்டாலும் பரவாயில்லை. மாமி காலிலை விழாத குறை. அவவின்ரை மனுசன் இவள் கைக்குழந்தையா இருக்கேக்கை செத்துப்போனவர். தன்ரை மகளுக்கும் அப்பிடி ஒண்டு வரக்கூடாது எண்டு பயப்பிடுறா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு என்றில்லாமல் சும்மா சொன்னார்: "எங்கடை விதி. பத்து ஐம்பத்தேழுக்குத்தான் நட்சத்திரம் மாறினது. நாலு நிமிஷம் முந்திப் பிறந்திருந்தால் ஒண்டுமில்லை."

நாலு நிமிடம் என்றதும் நான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். வெள்ளை இலக்கங்கள் நன்றாகத் தெரிந்தன. பன்னிரண்டு நாற்பத்தொன்று. படிக்கட்டின் மேலே மாட்டியிருந்த மணிக்கூடு பன்னிரண்டு முப்பத்தொன்று காட்டியது.

அந்தப் பிள்ளை பிறந்தது பத்து ஐம்பத்தொன்றுக்கு. நட்சத்திரம் மாறுவதற்கு ஆறு நிமிடம் முந்தி.

சொல்லாமல் போயிருக்கலாம். அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, புத்தகம் என்னுடைய கையெழுத்து, சுவர் மணிக்கூடும் பெயின்ற் காய்ந்ததும் ஏறிவிடும். இருபத்தேழு வருடத்தில் என் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட வெட்டுப்பட்டதில்லை. எனக்கோ நட்சத்திரத்தில் அவ்வளவு நம்பிக்கையும் கிடையாது. ஆனால் நான் நம்புகிறேனா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு மனிதன் நாலு நாளாகத் தன் பிள்ளையைப் பார்க்காமல் படிக்கட்டின் கீழே நிற்கிறான், அவனை நிறுத்தியது நான் பஸ் பிடிக்கத் தள்ளிவைத்த பத்து நிமிடம்.

"தம்பி, பிழை என்னிலை" என்றேன். மணிக்கூட்டைக் கழற்றி, அந்தப் பக்கத்தைத் திறந்து, பத்து என்று இருந்த இலக்கத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அதற்குள் மாமியாரும் வெறும் பெட்டியோடு இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது வேறு.

"மிஸி, நீங்கள் நல்ல மனுசி" என்றார் மாமியார், மெதுவாக. "அவள் அழுறதைப் பாத்து இரக்கப்பட்டு உப்பிடிச் சொல்லுறியள். அந்தப் பத்தை இப்பவும் மாத்தலாம்தானே. எங்களுக்காகப் பொய் சொல்லாதேங்கோ. இவருக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்ய?"

வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன நேரம் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன், அதை நம்ப ஆளில்லை! ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் அழுகை. அந்த அம்மாவின் பயத்துக்கு முன்னால் என் சொல்லுக்குப் பெறுமதி இல்லை, எங்கேயாவது எழுத்தில் வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்து செய்தி சொன்ன பணிப்பெண் நினைவுக்கு வந்தாள்.

"பிள்ளை பிறந்திட்டுது எண்டு கேட்டவுடனை என்ன செய்தனீங்கள்?" என்று தகப்பனிடம் கேட்டேன்.

"வீட்டை போன் அடிச்சு என்ரை ஐயாவுக்குச் சொன்னனான்."

"போனை எடுங்கோ. திங்கட்கிழமை எடுத்த கோலைக் காட்டுங்கோ."

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் போனார். வாழைக்குலை வியாபாரிகளின் அழைப்புகளுக்கு நடுவில் அது இருந்தது. திங்கள், காலை பத்து ஐம்பத்தைந்து, வீடு.

"நான் எழுதினது பதினொண்டு ஒண்டு" என்றேன். "பிள்ளை பிறக்க ஆறு நிமிஷம் கிடக்கேக்கை, பிறந்திட்டுது எண்டு எப்பிடி ஐயாவுக்குச் சொன்னனீங்கள்?"

மாமியார் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, உதடு அசைய எண்ணினார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

சாத்திரியாருக்கு அங்கேயே போன் போட்டார்கள். என்னிடமும் கொடுத்தார்கள். மனிதர் நன்றாக ஏசினார். ஆஸ்பத்திரி நேரத்தை நம்பித்தானே ஊர் முழுக்கச் சாதகம் எழுதுகிறோம் என்றார். ஏசட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன், நியாயமான ஏச்சு. பத்து ஐம்பத்தொன்று என்றால் முந்தின நட்சத்திரம், தோசம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் வாய்ச்சொல்லுக்கு எழுதமாட்டாராம், புத்தகத்தில் மாற்றிக் கையெழுத்து விழவேண்டுமாம்.

மேலே போனேன். பொறுப்புத் தாதி என்னை விடப் பத்து வயது இளையவள். விசயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "அக்கா, உங்கடை பக்கத்திலையோ வெட்டு?" என்று மட்டும் கேட்டாள். சிவப்புப் பேனையால் ஒற்றைக் கோடு போட்டு, சரியான நேரத்தை மேலே எழுதி, காரணத்தை எழுதி, கையெழுத்து வைத்தேன். அந்த நாலு நாளில் நான் நேரம் எழுதிய பிள்ளைகள் ஐந்து, ஐந்து கோடு. குருநகர்த் தாய்க்குப் போன் அடித்துச் சொன்னபோது, "பத்து நிமிஷமோ? நிறை சரிதானே மிஸி?" என்று கேட்டாள்.

திருத்திய நேரம் எழுதிய சீட்டோடு நான் இறங்கி வந்தபோது தகப்பன் படிக்கட்டின் அடியிலேயே நின்றார். ஏறுங்கோ என்று கையைக் காட்டினேன். இரண்டு இரண்டு படியாக ஏறினார். நோயாளர் விடுதி வாசலில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவைத்தேன். முழங்கைவரை கழுவினார், பிறகு இன்னொருமுறை கழுவினார்.

பால் கொடுப்பதற்காகப் பிள்ளையை வெளிச்சத்தில் இருந்து எடுத்திருந்தார்கள். கண் துணியும் கழற்றியாகிவிட்டது. அவர் கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் வந்த தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினார். நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் கேட்கத் தயாராக இல்லை.

"இந்தாங்கோ, பிடியுங்கோ" என்று பிள்ளையை நீட்டினாள். "நாலு நாளா நான் தனியத் தூக்கிறன். கை நோகுது."